கார் இல்லாத வீட்டுக்கு மாதச் சாமான்: செடெனாக் போன்ற இடங்களில் எப்படிச் சமாளிப்பது?

கூலாயிலிருந்து சிம்பாங் ரெங்கம் போகும் பழைய கூட்டரசுச் சாலையில் வரும் சிற்றூர் செடெனாக். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு வெளியேறும் பாதையின் பெயர். செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு அது ஊர். இப்போது அந்தப் பெயருக்கு இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. 700 ஏக்கருக்கும் மேற்பட்ட செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் பெரிய பெரிய தரவு மையங்கள் எழுந்து வருகின்றன. அதை ஒட்டி இப்ராஹிம் டெக்னோபோலிஸ் என்ற பெயரில் 7,000 ஏக்கருக்கும் மேலான திட்டம் ஒன்று பேசப்படுகிறது. செம்பனைக் காட்டுக்குள் ஒரு புது நகரம் வருகிறது என்கிறார்கள்.

நகரம் வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்த நகரத்தில் கார் இல்லாத ஒரு வீட்டுக்கு 10 கிலோ அரிசி எப்படி வந்து சேரும்? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். தோட்டத்தில் இன்னும் இருக்கும் பாட்டிக்கும், வேலை கிடைத்து வேறு மாநிலத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் தம்பிக்கும், கணவர் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனபின் குழந்தையோடு வீட்டில் இருக்கும் தங்கைக்கும் அது ஒவ்வொரு வாரமும் வரும் கேள்வி. அதற்கான பதில்களை இங்கே பார்ப்போம்.

முன்பு எப்படி இருந்தது?

தோட்ட வாழ்க்கையில் சாமான் வாங்க யாரும் அதிக தூரம் போனதில்லை. லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மளிகைக் கடை இருக்கும். அரிசி, பருப்பு, கருவாடு, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேயே கிடைக்கும். கையில் காசு இல்லாவிட்டாலும் கவலையில்லை. அட்டையில் 555 என்று அச்சடித்த சின்னக் கணக்குப் புத்தகத்தில் கடைக்காரர் எழுதிக்கொள்வார், சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும். அந்தப் புத்தகம் இன்றும் புத்தகக் கடைகளில் கிடைக்கிறது. ‘புக்கு தீகா லீமா’ என்றால் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் கடன் கணக்கு என்றுதான் பொருள்.

கடை மட்டுமல்ல, வியாபாரிகளும் தேடி வந்தார்கள். மீன்காரர் மோட்டார்சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். ரொட்டிக்காரர் மணியடித்துக்கொண்டு வருவார். காய்கறி லோரி வாரத்தில் ஓரிரு நாள் லயத்துக்கு முன்னால் நிற்கும். சம்பள நாளில் துணி வியாபாரி முதல் முறுக்கு விற்பவர் வரை வரிசை கட்டி நிற்பார்கள்.

அந்தக் காலத்தில் எல்லாம் இனிப்பாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கடை ஒன்றுதான், அதனால் விலையைக் கடைக்காரரே சொல்வார். கடன் புத்தகம் கையில் இருக்கும் வரை வேறு கடைக்குப் போகவும் முடியாது. தொழிலாளியின் சம்பளம் இப்படி ஒரே கடைக்குள் சிக்கிவிடக் கூடாது என்பதற்காகவே சட்டம் வந்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, சம்பளத்தை இன்ன இடத்தில், இன்ன ஆளிடம்தான் செலவு செய்ய வேண்டும் என்று எந்த முதலாளியும் நிபந்தனை போடக் கூடாது என்கிறது. சில்லறைக் கடைக்குள் வைத்துச் சம்பளம் கொடுப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. விதிவிலக்கு அந்தக் கடையிலேயே வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான்.

இன்று யாரும் நம்மை ஒரே கடையில் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் வாகனம் இல்லாதவருக்குத் தூரமே அந்தக் கட்டாயத்தைப் போட்டுவிடுகிறது. தோட்டங்களில் குடும்பங்கள் குறைந்தன. பிள்ளைகள் தாமான்களுக்குக் குடிபோனார்கள். வாடிக்கை குறைந்ததும் தோட்டக் கடைகள் மூடப்பட்டன. வாகனம் உள்ளவர்கள் கூலாய் பேரங்காடிகளுக்குப் போகப் பழகிவிட்டார்கள். எஞ்சியிருப்பவர்களுக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பது ஒன்றிரண்டு சிறு கடைகள்தாம்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கலா?

இல்லை. நல்ல உணவுப் பொருள் நியாயமான விலையில் கிடைக்காத குடியிருப்பை ‘உணவுப் பாலைவனம்’ என்று சொல்லும் வழக்கம் 1990களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் தோன்றியது. அங்கே நகரத்துக்கு வெளியே கட்டப்பட்ட அரசாங்கக் குடியிருப்புகளில் வீடு இருந்தது, ஆனால் அருகில் நல்ல கடை இல்லை. கார் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. இல்லாதவர்கள் பக்கத்துக் கடையில் கிடைத்த டின் உணவையும் பிஸ்கட்டையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஜப்பானிலும் இதே கதைதான். கிராமத்துக் கடைகள் மூடப்பட்டபின் கடைக்குப் போக முடியாமல் தவிக்கும் முதியவர்களை அங்கே ‘சாமான் வாங்கும் அகதிகள்’ என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். 2012இல் தொக்குஷிமா என்ற ஊரில் ‘தொக்குஷிமாரு’ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. சின்ன லோரியில் ஏறக்குறைய 400 வகைப் பொருள்களை ஏற்றிக்கொண்டு முதியவர்களின் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கடை விலையைவிட 10 யென் கூடுதலாக வாங்குவது என்று ஆரம்பத்தில் முறை வைத்தார்கள். அந்தக் கூடுதல் காசுதான் லோரி ஓடுவதற்கான செலவுக்கு உதவுகிறது. கூடுதல் எவ்வளவு என்பது வாங்குபவருக்கும் தெளிவாகத் தெரியும்.

நம் காய்கறி லோரிக்காரர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஜப்பானில் புதுத் தொழிலாகப் பேசப்படுவதை நாம் லயத்து வாசலிலேயே பார்த்திருக்கிறோம். அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பதைக் கடைசியில் பேசுவோம்.

முதலில் கணக்கு: பக்கத்துக் கடையா, பட்டணமா?

பக்கத்துக் கடை விலை அதிகம், பேரங்காடி மலிவு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பயணச் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எடுத்துக்காட்டாக, உங்கள் வீட்டுக்கு மாதம் 300 வெள்ளிக்கு அரிசி, எண்ணெய், மாவு, பருப்பு, சவர்க்காரம் போன்ற கெட்டுப்போகாத சாமான் தேவை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கடையில் அதே சாமான் பத்து விழுக்காடு கூடுதல் என்றால் 30 வெள்ளி அதிகம் செலவாகும். கூலாய்க்குப் பத்து கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். வாடகைக் காருக்குப் போக 25, வர 25, ஆக மொத்தம் 50 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், தனியாகப் போகிறவருக்கு 20 வெள்ளி நட்டம். பக்கத்துக் கடையே மேல்.

அதே காரில் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனால்? ஆளுக்கு ஏறக்குறைய 17 வெள்ளிதான். மிச்சமாகும் 30இல் 17ஐக் கழித்தால் வீட்டுக்கு 13 வெள்ளி லாபம். பேருந்தில் போய் வர முடிந்தால் லாபம் இன்னும் கூடும், ஆனால் தூக்கக்கூடிய எடை குறையும்.

உங்கள் ஊரின் உண்மை விலைகளைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பாருங்கள். தனியாக அடிக்கடி பட்டணம் போவதுதான் அதிகச் செலவு என்பது பல வீடுகளில் தெரியவரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. சின்னப் பொட்டலம் வாங்கும்போது கையிலிருந்து போவது குறைவாகத் தெரியும். ஆனால் அரை கிலோ பருப்பு 4 வெள்ளி 50 காசு, ஒரு கிலோ 8 வெள்ளி என்றால், இரண்டு முறை அரை கிலோ வாங்குபவர் ஒரு வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறார். விலையை எடையால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இது உடனே பிடிபடும். பெரிய பொட்டலத்தைப் பக்கத்து வீட்டோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதும் நல்ல வழி.

எங்கே வாங்கினாலும் மாறாத விலை

சில பொருள்களுக்கு அரசாங்கம் உச்ச விலை வைத்திருக்கிறது. பையில் அடைத்த ஒரு கிலோ மானியச் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. சாதாரணச் சீனி ஒரு கிலோ 2 வெள்ளி 85 காசு. வீட்டுக்குப் பயன்படுத்தும் 14 கிலோ சமையல் எரிவாயுத் தோம்பு தீபகற்பத்தில் 26 வெள்ளி 60 காசு. எரிவாயுவை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் அதற்குக் கூலி தனி.

நாம் 2025 வரை பார்த்து வந்த விலைகள் இவை. அரசாங்கம் மாற்றினால் அறிவிப்பு வரும். உச்ச விலை பேரங்காடிக்கும் சிறு கடைக்கும் ஒன்றுதான். ஊர் தூரம் என்ற காரணத்தைச் சொல்லி எண்ணெய்க்கோ சீனிக்கோ கூடுதல் வாங்க முடியாது. அப்படி வாங்கினால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். 2011ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. இந்தப் பொருள்களை வாங்குவதற்காக மட்டும் பட்டணம் போக வேண்டியதில்லை, பக்கத்துக் கடையில் இருப்பு இருந்தால் அங்கேயே வாங்கலாம். மற்ற பொருள்களின் விலையைப் போவதற்கு முன்பே ஒப்பிட அமைச்சின் ‘பிரைஸ்கேட்சர்’ செயலி உதவும்.

மூன்றாகப் பிரித்து வாங்குங்கள்

வாகனம் உள்ளவர் நினைத்த நேரத்தில் போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்குவார். வாகனம் இல்லாதவருக்கு அது சரிவராது. சாமானை எடையையும் கெட்டுப்போகும் தன்மையையும் வைத்து மூன்றாகப் பிரித்துக்கொண்டால் வேலை எளிதாகும்.

மாதம் ஒருமுறை கனமானவை. அரிசி, சமையல் எண்ணெய், கோதுமை மாவு, பருப்பு வகை, சீனி, பால் மாவு, சவர்க்காரத் தூள், குழந்தைக்கு வேண்டிய டயப்பர். இவற்றுக்குத்தான் கார் தேவை. சம்பளம் வந்த வாரத்தில் நாலு வீடு சேர்ந்து ஒரு பயணம் போதும். எல்லாரும் போக வேண்டும் என்பதுகூட இல்லை. இரண்டு பேர் போய் நாலு வீட்டுப் பட்டியலையும் வாங்கி வரலாம். பட்டியலில் பொருளின் பெயர், எடை, இல்லையென்றால் மாற்றாக எதை வாங்கலாம் என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்தால் பிறகு மனத்தாங்கல் வராது. கடை ரசீதை வீட்டுக்கு ஒன்றாகத் தனித்தனியே வாங்குவது இன்னும் நல்லது.

வாரம் ஒருமுறை பசுமையானவை. காய்கறி, மீன், கோழி, பழம், முட்டை. இதற்கு இரவுச் சந்தை கைகொடுக்கும். ஒவ்வொரு தாமானுக்கும் ஒரு கிழமை இருக்கும். நீங்கள் போகக்கூடிய தூரத்தில் எந்தக் கிழமை எங்கே சந்தை என்பதை அக்கம்பக்கத்தில் கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மீனைச் சந்தை தொடங்கிய நேரத்திலேயே வாங்கிவிட வேண்டும். கீரை, தக்காளி போன்றவற்றைக் கடை கட்டும் நேரத்தில் வாங்கினால் விலை இறங்கும்.

அன்றாடம் வேண்டிய சில்லறை. ரொட்டி, வெங்காயம், தேங்காய்ப்பால், இரண்டு முட்டை. இதற்குப் பக்கத்துக் கடைதான். பத்துக் காசு கூட இருந்தாலும் அந்தக் கடை திறந்திருப்பது நமக்கு நல்லது. எல்லாரும் பட்டணத்திலேயே வாங்கினால் அந்தக் கடையும் மூடப்படும். பிறகு அவசரத்துக்கு ஒரு பொட்டலம் உப்பு வாங்கவும் வண்டி தேட வேண்டியிருக்கும்.

கடன் எழுதி வாங்குவதானால் இரண்டு புத்தகம் வையுங்கள். ஒன்று கடைக்காரரிடம், ஒன்று உங்களிடம். வாங்கும்போதே இரண்டிலும் தேதி, பொருள், விலை எழுதப்பட வேண்டும். ரொக்க விலையும் கடன் விலையும் ஒன்றா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மைகார்டையோ வங்கி அட்டையையோ கடனுக்கு ஈடாகக் கடையில் விட்டுவைக்காதீர்கள். அடையாள அட்டையை அடகு வைப்பதும் வாங்கி வைத்துக்கொள்வதும் சட்டப்படி குற்றம்.

போக்குவரத்து: போகும் வழியும் திரும்பும் வழியும்

கூலாயில் பெரிய கடைகளுக்குக் குறைவில்லை. ஐ.ஓ.ஐ. பேரங்காடி, இண்டாபுராவில் ஏயோன் என்று பல இடங்கள் உண்டு. போவதைவிட, கனத்த பைகளோடு திரும்புவதுதான் சிரமம்.

பேருந்தில் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது போகும் நேரத்தை அல்ல, திரும்பி வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தைத்தான். அதை ஓட்டுநரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஜொகூர் மாநிலப் பொதுப் போக்குவரத்துக் கழகத்தின் முவாபாகாட் பேருந்துச் சேவை 2016இல் தொடங்கியது. அது செல்லும் பாதையில் இருப்பவர்கள் அதற்குரிய அட்டையை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கிரேப் போன்ற வாடகைக் காரை நம்பிப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பட்டணத்தில் ஏறும்போது கார் எளிதில் கிடைக்கும். தோட்டப் பக்கத்திலிருந்து அழைத்தால் ஓட்டுநர் அருகில் இருக்க மாட்டார். அதனால் போகும்போது பேருந்திலோ தெரிந்தவர் மோட்டார்சைக்கிளிலோ போய், திரும்பும்போது மட்டும் சாமானோடு காரில் வருவது சிக்கனமான வழி. செலவில் பாதி மிச்சமாகும், கனமும் தூக்க வேண்டியதில்லை. வழக்கமாக வரும் ஓட்டுநர் ஒருவர் நம்பிக்கையானவராக அமைந்தால், மாதத்தில் ஒரு நாளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

நடந்து போகிறவர்கள் கவனம். பழைய சாலையில் லோரிகள் வேகமாக வரும், எல்லா இடத்திலும் நடைபாதை இருக்காது. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரமாக நடங்கள். இருட்டிய பின் வெளிர் நிறச் சட்டை அணியுங்கள். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிடுவதைவிட முதுகில் மாட்டும் பையோ சக்கரம் வைத்த இழுவைப் பையோ முதுகெலும்புக்கு நல்லது. முதியவர்கள் ஒரு நடையில் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காமல் இருப்பது நலம்.

மோட்டார்சைக்கிளில் அரிசி மூட்டையைக் காலுக்கு நடுவே வைத்து, இரண்டு கைப்பிடியிலும் பை தொங்க ஓட்டுவது நம்மிடம் சாதாரணமாகிவிட்டது. வளைவில் பை சக்கரத்தில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. பின்னால் பெட்டியோ கூடையோ பொருத்தி, கயிற்றால் இறுகக் கட்டுங்கள். கைப்பிடியில் எதுவும் தொங்க வேண்டாம்.

வெயிலில் மீன் கெடும் கணக்கு

கிருமிகள் 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வேகமாகப் பெருகும். சமைக்காத மீன், இறைச்சியைச் சாதாரணமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. வெளி வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஜொகூரின் மதிய வெயிலில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் அந்த ஒரு மணி நேரம் வழியிலேயே தீர்ந்துவிடும்.

அதனால் கடையில் முதலில் உலர்ந்த சாமானை எடுங்கள். மீனும் கோழியும் கடைசியில். மீன்காரரிடம் ஐஸ் கேட்டு வாங்கி, வெள்ளைப் பெட்டியிலோ நுரைப்பஞ்சு பையிலோ வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை மீனைக் கழுவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து உறைபெட்டியில் வைப்பது. குளிர்பெட்டி இல்லாதவர்கள் வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். மீதி நாள்களுக்குக் கருவாடு, சார்டின் டின், பருப்பு, கொண்டைக்கடலை, முட்டை இருக்கின்றன. புரதச் சத்து இவற்றிலும் உண்டு.

காய்கறியில் முதல் இரண்டு நாளில் கீரை, பயற்றங்காய். அடுத்து வெண்டை, கத்தரி. கடைசியில் முட்டைக்கோஸ், பூசணி, உருளைக்கிழங்கு. இந்த வரிசையில் சமைத்தால் ஒரு வாரத்துக்கு எதுவும் வீணாகாது. வீட்டைச் சுற்றி ஒரு சாண் நிலம் இருந்தாலும் முருங்கை, கறிவேப்பிலை, பசலை, பச்சை மிளகாய் வைக்கலாம். நம் பாட்டிமார் லயத்துக்குப் பின்னால் வைத்த தோட்டம் பொழுதுபோக்குக்காக அல்ல, சந்தை தூரமாக இருந்ததால்தான்.

உலர்ந்த பொருள்களை இணையம் வழியாகவும் வாங்கலாம். ஆனால் தோட்ட முகவரியைப் பொட்டலம் கொண்டுவருபவர் கண்டுபிடிப்பது கடினம். பக்கத்துக் கடையையோ வேலையிடத்து அலுவலகத்தையோ முகவரியாகக் கொடுக்க அனுமதி கேட்டுக்கொண்டால் பொருள் தவறாமல் வந்து சேரும். எண்ணெய், அரிசி போன்ற கனமான பொருளுக்கு அனுப்பும் கட்டணம் விலையை விழுங்கிவிடும். மசாலைத் தூள், தேயிலை, சவர்க்காரம் போன்றவற்றுக்கே இது ஏற்றது.

கையில் நூறு வெள்ளி, கடை எங்கே?

இங்கேதான் இந்த விஷயம் சொந்தச் சிரமம் என்பதைத் தாண்டி உரிமைக் கேள்வியாகிறது. ‘சாரா’ என்று நாம் அழைக்கும் ரஹ்மா அடிப்படை உதவி, மைகார்டு வழியாக வழங்கப்படுகிறது. 2025இல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லா மலேசியருக்கும் 100 வெள்ளி ஒதுக்கப்பட்டது. அதை அந்த ஆண்டு ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை பயன்படுத்த முடிந்தது. ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேருக்கு இந்த உதவி. அறிவிக்கப்பட்டபோது அதைப் பயன்படுத்தக்கூடிய கடைகள் 4,100க்கும் சற்று மேல், பிறகு எண்ணிக்கை கூட்டப்பட்டது. தகுதி பெற்ற குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் வரும் ‘சாரா’ தொகை வேறு.

இந்தப் பணத்தை ரொக்கமாக எடுக்க முடியாது. பதிவு பெற்ற கடையில், மைகார்டைக் காட்டி, அனுமதிக்கப்பட்ட வகைப் பொருள்களை வாங்கும்போதுதான் கழியும். பொருளின் கோட்டுக் குறியீட்டைக் கணினி படித்து, அது அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்துத்தான் பணத்தைக் கழிக்கும். அந்தக் கணினி வசதி இல்லாத பழைய மளிகைக் கடை இதில் சேர்வது சிரமம்.

இதன் விளைவு என்ன? வாகனம் உள்ளவர் போகிற வழியில் நூறு வெள்ளியைப் பயன்படுத்திவிடுவார். தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் பாட்டி அந்த நூறு வெள்ளியை எடுக்க வண்டிக்கு ஐம்பது வெள்ளி கொடுக்க வேண்டும். உதவி ஒன்றுதான், ஆனால் பாட்டியின் கைக்கு வருவது பாதி.

எனவே மாதப் பயணத்தைத் திட்டமிடும்போது ‘சாரா’ உள்ள முதியவர்களை முதலில் காரில் ஏற்றுங்கள். அட்டைக்குரியவர் நேரில் வந்தால்தான் சிக்கல் இருக்காது. எந்தக் கடை பதிவு பெற்றது, அட்டையில் எவ்வளவு மிச்சம் என்பதை மைகாசே இணையத்தளத்தில் முன்கூட்டியே பாருங்கள். கைத்தொலைபேசி பழக்கமில்லாத பெரியவர்களுக்கு இதைப் பார்த்துச் சொல்வது பிள்ளைகள் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஊர் சேர்ந்து செய்யக்கூடியவை

ஒரு வீடு தனியாகச் செய்ய முடியாததை இருபது வீடு சேர்ந்து செய்யலாம். ஆலய நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், குடியிருப்பாளர் சங்கம் என எது இருந்தாலும் சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினால் போதும்.

ஒன்று, காய்கறி வேன். வியாபாரி வராததற்குக் காரணம், எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரியாததுதான். ‘புதன்கிழமை காலை, ஆலயத்து முன்னால், இருபது வீட்டார் வருவோம்’ என்று உறுதி சொன்னால் வருவார். பொருளுக்கு இவ்வளவு கூடுதல் என்பதையும் ஜப்பானில் செய்வதுபோல வெளிப்படையாகப் பேசிவிடலாம்.

இரண்டு, ரஹ்மா மலிவு விற்பனை. அமைச்சு நடத்தும் இந்த விற்பனையில் அத்தியாவசியப் பொருள்கள் சந்தை விலையைவிட 10 முதல் 30 விழுக்காடு வரை குறைவாகக் கிடைக்கும். அதைப் பட்டணத்துத் திடலில் மட்டும் நடத்தாமல் தோட்டப் பக்கமும் கொண்டுவரச் சொல்லி உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் அமைச்சின் கிளையிடமும் எழுத்தில் கேளுங்கள். இடம், வசதியான நாள், எத்தனை குடும்பம் என்பதைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும்.

மூன்று, பக்கத்துக் கடையைச் ‘சாரா’வில் சேர்ப்பது. கடைக்காரர் தயங்கினால், மாதம் இத்தனை குடும்பங்கள் இவ்வளவு தொகைக்கு வாங்கும் என்ற கணக்கைக் காட்டுங்கள். ஐம்பது பேர் நூறு வெள்ளிக்கு வாங்கினால் 5,000 வெள்ளி வியாபாரம். கணினிக்குச் செலவு செய்ய அது ஒரு நல்ல காரணம்.

நான்கு, பேருந்து. ‘பேருந்து வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. எந்த இடத்திலிருந்து, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், திரும்பும் நேரம் என்ன என்று கையொப்பங்களோடு கூலாய் நகராண்மைக் கழகத்துக்கும் மாநிலப் பொதுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள், காலையில் போய் மதியம் திரும்பும் ஒரு நடை கிடைத்தாலே பல வீடுகளின் பாரம் குறையும்.

புது நகரத்துக்கு வருகிற இளையோருக்கும் ஒரு வார்த்தை. வாடகை அறை பார்க்கும்போது வாடகையையும் வேலையிடத்துத் தூரத்தையும் மட்டும் கேட்காதீர்கள். நடந்து போகும் தூரத்தில் மளிகைக் கடை உண்டா, சமைக்க அனுமதி உண்டா, குளிர்பெட்டி உண்டா, இரவுச் சந்தை என்றைக்கு என்றும் கேளுங்கள். ஐம்பது வெள்ளி வாடகை குறைவான அறை, மாதம் நூற்றைம்பது வெள்ளி வெளிச் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் செலவு வைத்தால் அது மலிவு அல்ல.

செடெனாக்கில் தரவு மையங்களுக்குத் தேவையான மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் திட்டம் போட்டுப் பாதை அமைக்கிறார்கள். அந்தக் கட்டடங்களைக் கட்டுகிறவர்களும் காவல் காக்கிறவர்களும் கூட்டிப் பெருக்குகிறவர்களும், அந்த மண்ணில் பல தலைமுறை பால் மரமும் செம்பனையும் பார்த்த நம் பெரியவர்களும் அரிசி வாங்கப் போவதற்கும் ஒரு பாதை வேண்டும். அதைக் கேட்பது நம் கடமை. அது வரும் வரை, இந்த மாதம் பட்டணம் போகும்போது உங்கள் காரில் ஓர் இருக்கை காலியாக இருந்தால், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ‘என்ன பாட்டி, நீங்களும் வர்றீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.